பாலை மரத்தைக் கணக்கெடுப்பவர் யார்?

காட்டைக் காப்பது வன இலாகாவின் கடமை; காலநிலை மாற்றத்தை ஆராய்வது பல்கலைக்கழகங்களின் தொழில். இவ்விரண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத சம்பந்திகளைப் போல் இருப்பதே நமது குற்றச்சாட்டு.

வன்னிக் கமக்காரருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. குளத்துக்கு மேலே காடு நின்றாற்றான் மண் அரித்து வந்து குளத்தைத் தூர்க்காது. பாலையும் வீரையும் முதிரையுமே அக்காட்டின் தூண்கள். 2016, 2017ஆம் ஆண்டுகளின் கொடிய வறட்சியில் கருகிய வயல்களை அரசினர் எண்ணினர், நட்டஈடும் பேசினர். மரங்களை எண்ணியவர் யார்?

அம்மரங்கள் அவ்வாண்டே பட்டுப்போயிருக்க வேண்டுமென்பதில்லை. தமிழ்நாட்டின் முதுமலை வறண்ட காட்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988ஆம் ஆண்டில் 50 ஹெக்டேயரை அளந்து, மரந்தோறும் இலக்கமிட்டு, நிற்பது எது, இறந்தது எது என ஆண்டுதோறும் பதிந்து வந்தனர். மழை குறைந்ததன் விளைவைப் பெருமரங்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே காட்டுகின்றன என்பதைப் பத்தொன்பது ஆண்டுக் கணக்குப் புலப்படுத்திற்று. வறட்சியாண்டில் ஜீப்பில் வந்து, பச்சை கண்டு திரும்பும் அதிகாரிக்கு இது எங்ஙனம் தெரியும்?

இங்கே அறிவுக்குப் பஞ்சமென்று கூறோம். சிங்கராஜ வனத்தில் பேராதனை அறிஞர்கள் 25 ஹெக்டேயர் நிலத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களை எண்ணிக் காட்டினர். ஆனால் அது மழை ஓயாத காடு. இத்தீவின் காடுகளிற் பெரும்பகுதி வறண்ட வலயத்திலன்றோ உள்ளது!

வன்னியிலும் அளவை நடந்ததுண்டு. அளக்கப்பட்டது மரமன்று, எல்லை. 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய கமக்காரர் பலர், தம் பாட்டன் வெட்டித் திருத்திய காணியில் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கக் கண்டனர். ஆளில்லாத ஆண்டுகளிற் பற்றை வளர்ந்தது அவர்கள் குற்றமா? ஆகாயப் படத்திற் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடென்றால், பார்த்தீனியச் செடியும் காடுதான்.

நாம் கேட்பது பெரிதன்று. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் நிலையான மர அளவைத் திடல்களை அமைத்திடுக. கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும், 2021இல் தனியாக எழுந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கின்றன. எண்ணும் வேலையில் ஊராரைச் சேர்த்திடுக; பாலையையும் வீரையையும் பெயர் சொல்லி அறிந்தவர் அவர்களே. நடுவது தேக்கா பாலையா, தீத்தடுப்பு வழி எங்கே, எல்லைக்கல் எங்கே என்பவற்றை அக்கணக்கைக் கொண்டு இலாகா தீர்மானிக்க வேண்டும். கணக்கைத் தமிழில் அச்சிட்டுப் பிரதேச செயலகந்தோறும் வைக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் பின் வன்னியில் இறந்த மரங்களுக்குக் கணக்கு ஏதேனும் இருக்குமாயின், முதலில் அதை வெளியிடட்டும்.