பலகையில் இல்லாத பெயர்

இங்கிலாந்தில் பல கிராமங்களில் 'பப்' என்று ஒன்று உண்டு. "ஐயையோ, மதுக்கடைக்கா கூப்பிடுகிறீர்கள்?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் அது. பொது வீடு என்று அர்த்தம். பழைய பப்களில் கீழே கடை, மாடியில் குடும்பம். கணவன் பீர் ஊற்றுவான். மனைவி அடுப்படியைக் கவனிப்பாள். ஊர்க்காரர்கள் சாயங்காலம் வந்து, கணப்பருகே உட்கார்ந்து, வம்பளந்துவிட்டுப் போவார்கள்.

நம் நாஞ்சில் நாட்டில் அந்த ஸ்தானம் சாயாக்கடைக்கு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த சீமை அல்லவா? டீ அங்கே இன்றும் சாயாதான்!

சுசீந்திரம் போயிருந்தபோது, கவிமணி பிறந்த தேரூர்ப் பக்கம் அப்படி ஒரு கடையில் நுழைந்தேன். விடியற்காலை நேரம். வாசலில் வீட்டுக்காரர் சாயா ஆற்றுகிறார். கல்லாவில் மகன். பெஞ்சுகளில் வயலுக்குப் போகிறவர்கள். உள்ளே, புகைக்கு நடுவில், ஆச்சி. அரிசி மாவையும் தேங்காய்த் துருவலையும் மாற்றி மாற்றிப் போட்டு, புட்டுக் குழலை ஆவியில் ஏற்றுகிறார். தொட்டுக்கொள்ளக் கடலைக்கறி. பிசைந்து சாப்பிட மட்டிப் பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே பழம்தான்!

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், ஆச்சி?"

"மூணு மணிக்கு மக்களே. முப்பது வருஷமாச்சு."

கடைப் பலகையில் வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருந்தது. "உங்கள் பெயரையும் போடலாமே?" என்றேன்.

"எனக்க பேரு எதுக்கு மக்களே? புட்டு வெந்தாப் போராதா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "ஒரு நாளு தீனம் வந்து படுத்துட்டேன். அன்னைக்குக் கடை தொறக்கல்ல" என்றார்.

பார்த்தீர்களா! பலகையில் பெயர் உள்ளவர் அன்றும் சுகமாகத்தான் இருந்தார். ஆனாலும் கடை திறக்கவில்லை.

இங்கிலாந்தில் முன்பு ஒரு சட்டம் இருந்தது. உரிமம் யாருடையதோ, அவர் பெயரைப் பப்பின் வாசலில் எழுதி வைக்க வேண்டும். கணவன் காலமாகி, உரிமம் மனைவியின் கைக்கு வந்தால் அவள் பெயர் வாசலில் ஏறும். அதுவரை அவள் எத்தனை வருஷம் அடுப்படியில் வெந்திருந்தாலும் கணக்கில்லை! சீமையானாலும் தேரூரானாலும் கதை ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலும் கடையோ தொழிலோ இருக்கிறதா? அடுத்த முறை பலகைக்கு வர்ணம் பூச ஆள் வரும்போது வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். இன்னொரு பெயருக்கு இடம் இல்லாமலா போகும்?