கார் சர்வீஸ்: கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதுமா?

"இன்னும் 10,000 கிலோமீட்டரே ஆகலையே, அதுக்குள்ள எதுக்கு சர்வீஸ்?" இப்படி நீங்களும் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், இன்ஜின் எவ்வளவு நேரம் உழைத்தது என்பதை ஓடோமீட்டர் சொல்லாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடங்கள் ஆகின்றன. இதே வேகத்தில் 10,000 கி.மீ. ஓட்டினால் சுமார் 567 மணி நேரம். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால் 125 மணி நேரம்தான். மீட்டரில் ஒரே எண். ஓடிய நேரத்தில் நான்கரை மடங்கு வித்தியாசம்!

மேனுவல் என்ன சொல்கிறது?

இந்தியாவில் விற்கும் பல பெட்ரோல் கார்களுக்கு ஆயில் மாற்றும் கெடு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முதலில் வருகிறதோ, அது. நெரிசல், தூசு, குறுகிய தூர ஓட்டம் ஆகியவற்றைப் பல மேனுவல்கள் 'கடினமான பயன்பாடு' எனத் தனியாகப் பிரித்து, இன்னும் குறைவான இடைவெளியைத் தருகின்றன.

நீங்கள் எந்த ரகம்?

தினமும் டிராஃபிக்: அந்தக் 'கடினமான பயன்பாடு' அட்டவணைதான் உங்களுக்கு. பிரேக் பேட், கிளட்ச், ஏர் ஃபில்டர் சீக்கிரம் தேயும் அல்லது அடைபடும்.

வார இறுதியில் மட்டும்: உங்களுக்குக் காலண்டர்தான் கணக்கு. பக்கத்துக் கடை வரை போய் வந்தால் இன்ஜின் முழுசாகச் சூடாகாது. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பேட்டரி இறங்கும்.

அடிக்கடி நெடுஞ்சாலை: கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். டயர் காற்று, வீல் அலைன்மென்ட்டில் கவனம் வையுங்கள்.

பிஎஸ்6 டீசல்: புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். நகருக்குள்ளேயே ஓட்டினால் அடைப்பு வரலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்னபடி செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இ20 பெட்ரோல்?

உங்கள் கார் 2023 ஏப்ரலுக்கு முந்தையதா? சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகமே கூறியது. செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்பது அதன் விளக்கம். எனவே அடுத்த சர்வீஸில் எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்லி, ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

பில் எகிறாமல் இருக்க?

சர்வீஸ் சென்டரில் கூடுதல் வேலை ஏதாவது சொன்னால், "மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேளுங்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள். வாரன்டி கோரும்போது அதுதான் சாட்சி.

இன்றே போனில் இரண்டு ரிமைண்டர் போடுங்கள்: ஒன்று தேதிக்கு, இன்னொன்று மாதம் ஒருமுறை மீட்டரைப் பார்க்க. எது முதலில் வருகிறதோ, அன்றைக்கு சர்வீஸ்.