பதினோராம் இடமும் பதினோரு மாத வெறுமையும்

2025 மார்ச் 9 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று வென்றது சென்னையின் எஃப்சி. 2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து சீசனில் அந்த அணிக்கு அதுதான் கடைசி லீக் ஆட்டம். அதன் பிறகு 2026 ஜனவரி வரை ஒரு லீக் ஆட்டம்கூட அது ஆடவில்லை. 2026 பிப்ரவரி 14-ல் சுருக்கப்பட்ட சீசன் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி முதல் வாரத்தில் அறிவித்த பிறகே, அடுத்த சீசனைப் பற்றிப் பேச வழி பிறந்தது. பேசுவதற்கு முன், போன சீசன் எங்கே சறுக்கியது என்பதை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

24 ஆட்டங்கள், 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி, 27 புள்ளிகள். 13 அணிகளில் 11-ஆம் இடம். கீழே இருந்தவை ஹைதராபாத்தும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மட்டுமே. ஆறாம் இடத்தைப் பிடித்து பிளே-ஆஃப் சென்ற மும்பை சிட்டி எடுத்தது 36 புள்ளிகள். அந்த ஒன்பது புள்ளி இடைவெளிக்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

ஜாம்ஷெட்பூர் ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் அவர்கள் ஊரில் 5-1, மார்ச்சில் நம் ஊரில் 5-2. இரண்டு ஆட்டங்களில் பத்து கோல்கள். சீசன் முழுக்க அணி அடித்த கோல்களில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரே எதிராளியிடம் வந்தவை. அந்த ஜாம்ஷெட்பூர் ஒன்றும் சோப்ளாங்கி அணி இல்லை. 38 புள்ளிகளோடு ஐந்தாம் இடம் பிடித்து அரையிறுதி வரை போனது. இப்படி ஆடத் தெரிந்த அணி, கடைசி இடத்தில் முடித்த முகமதனிடம் செப்டம்பரில் சென்னையிலேயே 0-1 என்று தோற்றது. முகமதனுக்கு ஐஎஸ்எல்லில் அதுதான் முதல் வெற்றி. சீசன் முழுவதும் அவர்கள் வென்றதே இரண்டு ஆட்டங்கள்.

இதைவிட மனம் வலிப்பது ஜனவரி. 9-ஆம் தேதி சென்னையில் ஒடிசாவுக்கு எதிராக 2-0 முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 2-2. 15-ஆம் தேதி கொல்கத்தாவில் முகமதனுக்கு எதிராக மீண்டும் 2-0 முன்னிலை. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கி மீண்டும் 2-2. ஒரே வாரத்தில் கைக்கு வந்த நான்கு புள்ளிகள் போயின. செப்டம்பரில் முகமதனிடம் விட்ட மூன்றையும் சேர்த்தால் ஏழு. இந்த ஏழும் இருந்திருந்தால் கடைசி வாரம் வரை பிளே-ஆஃப் கதவைத் தட்டியிருக்கலாம். இது கால்களின் குறை அல்ல. முன்னிலையில் இருக்கும்போது பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க, நடுக்களத்தில் ஆள் இல்லை. பயிற்சியாளர் ஓவன் காயிலின் ஆட்டமுறை எப்போதும் முன்னோக்கிப் பாய்வது. 2019-20-ல் பாதி சீசனில் வந்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றது அந்த முறைதான். அந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது. ஆனால் 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகு பாய்வதைவிட நிற்கத் தெரிய வேண்டும். அது இந்த அணிக்குக் கடைசிவரை கற்றுத்தரப்படவில்லை.

சொந்த மைதானத்தில் வாங்கிய அடி தனிக் கதை. சென்னையில் முதல் வெற்றிக்கு டிசம்பர் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஹைதராபாத்துக்கு எதிராக 1-0. ஏழு வெற்றிகளில் நான்கு வெளியூரில் வந்தவை. கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் மூன்று கோல் அடித்தார்கள், சென்னைக்கு வந்தும் மூன்று அடித்தார்கள். சென்னை ஆட்டத்தில் முதல் பாதியிலேயே நம் அணியின் வில்மர் ஜோர்டான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி நேரமெல்லாம் பத்துப் பேர். அதற்கு ஒன்பதே நாள் கழித்து கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை 3-0 என்று இதே அணி வென்றது. வெளியூரில் இடைவெளி கிடைத்தால் கானர் ஷீல்ட்ஸும் இர்ஃபான் யாத்வாதும் ஓடி வென்றுவிடுவார்கள். சென்னைக்கு வரும் அணிகள் பின்னால் கூட்டமாக நின்று தடுத்தபோது, பூட்டைத் திறக்கச் சாவி இல்லை.

ஒரு சீசனோடு நின்றிருந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 2015-லும் 2017-18-லும் கோப்பை வென்ற கிளப் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மூழ்கியபோது அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புணேவில் ஆடி, பிறகு கோவாவில் கோப்பையைத் தூக்கிய அணி. ஆனால் இரண்டாவது பட்டத்துக்கு அடுத்த சீசனிலேயே 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடம். 2020-21 முதல் மூன்று சீசன்களிலும் எட்டாம் இடம். அந்த மூன்றுக்கும் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள்: சாபா லாஸ்லோ, போஜிடர் பாண்டோவிச், தாமஸ் பிர்டாரிச். ஒவ்வொருவரும் தன் முறையைக் கொண்டுவந்தார், தனக்குப் பிடித்த வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவந்தார், கிளம்பிப் போனார். நடுவில் இளம் இந்திய வீரர்கள் ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். 2023-24-ல் திரும்பி வந்த காயில் அணியை ஆறாம் இடத்துக்கு உயர்த்தினார். அடுத்த ஆண்டு பதினொன்று.

2025 ஜூலையில் காயிலுக்குப் பதிலாகக் கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டா நியமிக்கப்பட்டார். இடைக்காலப் பொறுப்புகளை விட்டுவிட்டால், இந்தக் கிளப்பின் முதல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் இவர். 2023-ல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பையை வென்று தந்தவர். சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். பத்து கோல் வாங்கியும் ஐந்தாம் இடம் பிடித்த அந்த ஜாம்ஷெட்பூரின் பயிற்சியாளர் காலித் ஜமீல். அவர்தான் பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். உள்ளூர் வீரர்களின் பலமும் பலவீனமும் தெரிந்த ஒருவரிடம் நேரம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

மிராண்டாவுக்கு அந்த நேரம்தான் கிடைக்கவில்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனமும் ஐஎஸ்எல்லை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனமும் 2010-ல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி நீடிக்க, ஜூலை 11-ல் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்தியது. வீரர்கள், ஊழியர்கள் சம்பளமும் நின்றது. வணிக உரிமைக்கான ஏலத்தில் நவம்பர் கெடு முடியும்வரை ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. நடுவில் அக்டோபரில் நடந்த சூப்பர் கோப்பைக்கு வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லாமல் போன அணி, மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்று தோற்று, டெம்போவோடு 1-1 டிரா செய்து திரும்பியது. அந்த மூன்று முடிவுகளை வைத்து மிராண்டாவைக் குறைசொல்வது அநியாயம்.

இந்தச் சுருக்கப்பட்ட 2026 சீசனில் 14 அணிகள், 91 ஆட்டங்கள். ஒவ்வோர் அணியோடும் ஒரே முறைதான் மோதல், அணிக்கு 13 ஆட்டங்கள். முகமதனிடம் விட்ட புள்ளியை இரண்டாம் சுற்றில் மீட்கலாம் என்ற வாய்ப்பே இந்த முறை கிடையாது. போதிய பயிற்சியோ முன்னோட்ட ஆட்டங்களோ இல்லாமல் இறங்கும் அணி முதல் ஆறு இடங்களுக்குள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு முதல் பத்துக்குள் முடித்தால் அது இன்றைய நிலைமைக்குத் தக்க முடிவு.

அதனாலேயே இந்தக் குறுகிய சீசனை இளைஞர்களுக்குத் திறந்துவிட வேண்டும். 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வென்றபோது ஒரு கோல் அடித்த தனபால் கணேஷ், வடசென்னை வியாசர்பாடியின் பிள்ளை. அந்தத் தெருக்களில் இன்றும் பந்து உருளுகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையின் தூத்தூர், இரவிபுத்தன்துறை கிராமங்களில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்குத்தான் மவுசு. அங்கிருந்து சென்னையின் முதல் பதினொன்றுக்கு ஒரு பையன் வர இன்று நேரான பாதை இல்லை. வருபவர்களும் வேறு மாநிலக் கிளப்புகள் வழியாகச் சுற்றி வருகிறார்கள். கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19-ல் ஐ-லீக் பட்டம் வென்றது. சில ஆண்டுகளிலேயே தேசிய லீக்கிலிருந்து காணாமல் போனது. இன்று ஐஎஸ்எல்லில் தமிழ்நாட்டுக்கு இருப்பது இந்த ஒரே அணி. அதுவும் முடங்கினால் வியாசர்பாடிப் பையன் எந்தச் சட்டையைப் பார்த்து ஆசைப்படுவான்?

அபிஷேக் பச்சன், தோனி, விட்டா தானி ஆகிய உரிமையாளர்களிடம் கேட்பது மூன்றே விஷயங்கள். 13 ஆட்டங்களின் முடிவை வைத்து மிராண்டாவை மாற்ற வேண்டாம். குறைந்தது இன்னும் ஒரு முழு சீசன் கொடுங்கள். வெளிநாட்டு வீரர்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை வடசென்னையிலும் குமரிக் கடற்கரையிலும் ஆள் தேட ஒதுக்குங்கள். வீரர்கள், ஊழியர்கள் சம்பளம் இனி ஒரு மாதம்கூட நிற்காது என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

சென்னை ரசிகர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆட்டம் தொடங்கியதும் டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள்.