முரசு வெறும் சாமானா?

ஆர்தர் மன்னனின் வாளைப் போல அரசுரிமையைத் தாங்கும் பொருள் தமிழ்க் கதைகளில் இல்லையாம். அரசனின் குடையும் முரசும் வெறும் அலங்காரச் சாமானாம். சொல்பவர், முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் பனியனுக்கு லேபிள் தைக்கும் நண்பர். துணி ஒன்றுதான், லேபிள் மாறினால் விலை மாறும் என்பது அவருக்கா தெரியாதுங்க?

ஆர்தர் உருவிய, கல்லில் செருகிய வாள் 1200-ஐ ஒட்டி ராபர்ட் தெ போரோனின் கதையில் வருகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி முரசு செய்த சேர மன்னன் நெடுஞ்சேரலாதனைப் பதிற்றுப்பத்து பாடிவிட்டது. தோற்றவன் மரத்தில் வென்றவன் முரசு. இதுவா அலங்காரம்?

புறநானூற்றின் 50ஆம் பாட்டையும் பாருங்கள். முரசை நீராட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள். முரசு வைக்கும் பூப்பரப்பிய கட்டில் காலி. என்னவென்று அறியாமல் ஏறித் தூங்கிவிட்டார் புலவர் மோசிகீரனார். வெட்டிப் போட்டிருக்க வேண்டிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ அவருக்கு விசிறி வீசினான். (கொங்கு நாட்டை ஆண்ட இரும்பொறை மரபுங்க, நம்ம பக்கத்து ஆள்!) வெறும் சாமான் கிடந்த கட்டிலில் படுத்ததற்கா தலை போகும்?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆர்தர் கதையில் வாளே அரசனைத் தேர்ந்தெடுக்கிறது. நம் முரசு அந்த வேலையைச் செய்வதில்லை. நண்பர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.