தானம் என்னும் சொல்லும் தந்தவளின் நாளையும்

தானம் என்பது நம் மொழியின் உயர்ந்த சொற்களுள் ஒன்று. அச்சொல்லை இன்று கருமுட்டைக்கும் சூட்டியிருக்கின்றனர். பெறுகிறவருக்குத் தந்தவளின் பெயர் தெரியாது. பின்னாளில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பாரும் இல்லை. இதைத் தானம் என்பது தகுமா?

2022 ஜூனில் ஈரோட்டில் வெளிப்பட்ட கொடுமையை மறந்துவிட்டோமா? பதினாறு வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதார் அட்டையில் கூட்டிக்காட்டி, அவளிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்தனர். பெற்ற தாயே கைதானாள். ஈரோடு எங்கோ இருக்கிறது என்று கடலூரில் இருக்கும் நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம். வறுமைக்கு மாவட்ட எல்லை இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தருபவளுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது. விற்பனை குற்றம். அவளுக்குக் காப்பீடும் உண்டு, பன்னிரண்டு மாதங்களுக்கு! இருபத்து மூன்றில் தந்தவள் முப்பதில் தனக்கொரு மகவு வேண்டி நிற்கும்போது அக்காப்பீடு எங்கே?

"பிறக்கும்போதே பெண்ணுக்கு லட்சக்கணக்கான முட்டைகள் உண்டு, மாதந்தோறும் வீணே அழியவிருப்பவற்றையே மருந்து வளர்க்கிறது, ஆகவே இழப்பில்லை" என்பர். இவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. தந்தவள் மலடாவாள் என்று அச்சுறுத்துவது உண்மையாகாது. ஆயினும் சூலகம் மிகையாக வீங்குவதும், முறுக்கிக்கொள்வதும், இரத்தக்கசிவும், நோய்த்தொற்றும் நேரக்கூடும் என்பதை மருத்துவமே ஒப்புகிறது. அரிதாகச் சூலகத்தையே இழக்கவும் நேரிடும். தந்தவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகளோ சொற்பம். கவனியாதிருந்துவிட்டுக் கேடில்லை என்று சாதிப்பது அறிவியலாகுமா?

1987-இல் 'உயிரின் கொடை' என்னும் அறிவுரையில் திருச்சபை இம்முறையை ஏற்க மறுத்தது. திருமண உறவின் மாண்பையும் பிறக்கும் குழந்தையின் உரிமையையும் அது முன்னிறுத்தியது. தருபவளின் உடலும் அதே மாண்புக்கு உரியதன்றோ? அவளைப் பாவி என்று தள்ளிவைப்பதால் அவளுக்கு என்ன பயன்?

இறைமக்களே, பிள்ளையில்லா மருமகளை ஏசும் நாவுதான் இச்சந்தையின் முதல் தரகன். அதை முதலில் அடக்குவோம். பிறகு அரசிடம் ஒன்று கேட்போம். முட்டை தந்த பெண்ணைச் சிதம்பரத்தில் உள்ளது போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கட்டும். செலவை முட்டை எடுத்த மையம் ஏற்கட்டும். தந்தவளின் நாளைக்குப் பொறுப்பேற்க மறுப்பவர், தானம் என்ற சொல்லை நாவில் எடுக்க வேண்டாம்.