"சிரைக்கத்தான் போவாய்!"



நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் மிக எளிதாகப் புழங்கும் ஒரு வசைமொழியைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னவர்களுள் நானும் ஒருவன்.

வாய்ப்பாடு ஒப்புவிக்கத் தெரியாமல் விழித்த ஒரு மாணவனைப் பார்த்து, "இப்படியே இருந்தால் நீ சிரைக்கத்தான் போவாய்" என்றேன். வகுப்பு சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அழிப்பானைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தந்தை இங்கே ஜொகூர் பாருவில் முடிதிருத்தகம் நடத்துபவர். அது எனக்கு முன்பே தெரியும். ஆனால், சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்று பிற்பகல் மாணவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தந்தையின் தொழில் எனும் கட்டத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லை எழுத அந்தக் குடும்பம் எத்தனை முறை யோசித்திருக்கும்!

மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் அவர் கடைக்குப் போனேன். கேட்க நா எழவில்லை. "சவரம் செய்துவிடுங்கள், அண்ணே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு, நுரை பூசி, பிடியில் செருகிய புது பிளேடால் ஒரு கீறலும் இல்லாமல் மழித்து முடித்தார். பேச்சு வளர்ந்தபோது, அவருடைய தந்தை குளுவாங் பக்கத்து இரப்பர்த் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தின் ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்து முடிவெட்டியவர் என்று சொன்னார். தந்தையின் மடக்குக் கத்தியை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஷெபீல்டு முத்திரை பாதி தேய்ந்திருந்தது. வாய் மட்டும் மின்னியது. "இதை எனக்குப் பழக்கித் தருவீர்களா?" என்று கேட்டேன். வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று முதலில் நினைத்தார்.

இப்படித்தான் நாற்பது வயதுக்கு மேல் நான் மீண்டும் மாணவனானேன்.

முதல் வாரம் கத்தி என் முகத்தை நெருங்கவே இல்லை. பலூன் ஒன்றை ஊதி, அதன்மேல் சவர்க்கார நுரை பூசி, பலூன் வெடிக்காமல் நுரையை வழிக்கச் சொன்னார். நான்கு பலூன்கள் வெடித்தன. ஐந்தாவது தப்பியது. அதன் பிறகுதான் கன்னம். அதுவும் காதோரத்துச் சமமான பகுதி மட்டும். தாடையின் வளைவும் மேலுதடும் ஒரு மாதம் கழித்து. கத்தி தோலோடு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் மயிரை வெட்டாமல் இழுக்கும். கூடினால் தோலை அறுக்கும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் மயிர் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். இவையெல்லாம் சொல்லித் தெரிவன அல்ல. கைக்குத்தான் தெரிய வேண்டும். "அழுத்தாதீர்கள், சார். கத்தியின் கனமே போதும்" என்று அவர் எத்தனை முறை சொன்னாரோ, எனக்கே கணக்கில்லை. ஒரு முறைகூட, "இதுகூடத் தெரியவில்லையா?" என்று கேட்கவில்லை.

கத்தியைக் கூராக வைத்திருப்பது தனிக் கலை. ஒவ்வொரு சவரத்திற்கும் முன்னர்த் தோல்வாரில் முப்பது நாற்பது முறை தேய்க்க வேண்டும். வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். மாற்றித் தேய்த்தால் வாரே அறுந்துபோகும். எல்லையில் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாயின்மேல் புரட்டினால் அத்தனை உழைப்பும் வீண். கல்லில் தீட்டும்போது இதற்கு நேர்மாறாக வாய் முன்னே செல்லும். ஆயிரம் எண் கொண்ட கல்லில் விளிம்பை அமைத்து, எட்டாயிரம் எண் கொண்ட நுண்கல்லில் மெருகேற்ற வேண்டும். இது சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும். என்னை வியக்க வைத்த செய்தி ஒன்று. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படிய வைத்தால், தீட்ட வேண்டிய கோணம் தானாகவே அமைந்துவிடுகிறது. முதுகின் பருமனும் அலகின் அகலமும் அந்தக் கணக்கில் செய்யப்பட்டவை. கோணமானியை வைத்து நான் வகுப்பில் நடத்தும் பாடம் ஒரு கத்திக்குள் கிடக்கிறது!

நம் ஊரின் ஈரக் காற்றுக்கு இரும்பு தாங்காது. மழித்து முடித்தவுடன் துடைத்து உலர்த்தி, ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் தடவி வைக்காவிட்டால் மறுநாளே செம்புள்ளி தெரியும். நான் இரண்டு முறை மறந்தேன். இரண்டு முறையும் கல்லுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கடைகளில் இந்தப் பழைய கத்தி இன்று இல்லை, இருக்கவும் கூடாது. ஒருவர் குருதி பட்ட கத்தி மற்றொருவர் தோலில் படுவது கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. போன்ற நோய்களுக்கு வழிவிடும். ஆளுக்கொரு புது பிளேடு என்பதே சரியான முறை. மடக்குக் கத்தி அவரவர் முகத்திற்கு மட்டுமே. ஆனால் பிளேடு புதிதாய் இருந்தாலும், அதைப் பிடிக்கும் கை பழகியதாக இருக்க வேண்டுமல்லவா? அந்தக் கைகளுக்குத்தான் இந்நாட்டில் பஞ்சம்.

முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது 2009-ஆம் ஆண்டில் முடக்கப்பட்டது. கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் இம்மூன்று துறைகளுக்குமாகச் சேர்த்து 7,500 பேரை எடுக்க அரசாங்கம் இசைந்தது. இந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்கள் பலர். எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, வெட்கமும் வந்தது. இடையில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்! ஒரு குழந்தை முதலாம் ஆண்டில் சேர்ந்து, இடைநிலைப்பள்ளி முடித்து, ஒரு தொழிலையும் கற்றுத் தேறியிருக்கக்கூடிய காலம் அது. நம் பிள்ளைகள் ஏன் அந்த நாற்காலிகளின் பின்னால் போய் நிற்கவில்லை?

ஊதியம் குறைவு, வேலை நேரம் நீளம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. இளைஞர்கள் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போவதையும் நாள்தோறும் பார்க்கிறோம். ஆயினும் அது மட்டுமே காரணம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அதே சிங்கப்பூரில் பாத்திரம் கழுவப் போகிறவன், இங்கே கத்தரிக்கோல் பிடிக்கக் கூசுகிறான். அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம். சாதியின் பெயரால் ஒரு தொழிலை இழிவாக்கி, கப்பலேறி வந்தபோதும் அந்த இழிவை மூட்டைக்குள் கட்டிக்கொண்டு வந்தோம். தோட்டம் போயிற்று, லயம் போயிற்று. வசை மட்டும் போகவில்லை.

இத்தனைக்கும் தமிழகத்தில் இத்தொழில் செய்தோர் 'மருத்துவர்' என்றே அழைக்கப்பட்டனர். கட்டி அறுத்தல், புண்ணுக்கு மருந்திடல் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் வீட்டுப் பெண்கள் பேறு பார்த்தனர். இங்கிலாந்திலும் இப்படித்தான். இலண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தார்கள். நம் பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். பாடினியின் காதழகைச் சொல்ல வந்த முடத்தாமக்கண்ணியாருக்கு, முடி வெட்டும் கருவியின் பிடியே உவமையாகத் தோன்றியிருக்கிறது. அந்தப் புலவருக்குக் கூச்சம் இல்லை.

ஆறாம் ஆண்டு மாணவன் கையில் சவரக்கத்தியைக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கடைக்குப் போகட்டும் என்றும் சொல்லவில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தை ஏட்டிலேயே முடித்துவிடாமல், கருவி ஒன்றைத் துடைத்துப் பேணும் பழக்கத்தையேனும் கையில் ஏற்றலாம். தன்கதை எழுதச் சொன்னால் ஆண்டுதோறும் 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு காலணி' என்றே வருகிறது. அப்பாவின் கருவியை எழுதச் சொல்லலாம். வீட்டிலே பெற்றோர்கள், மகனுக்கு முதன்முதலாக மீசை அரும்பும் வயதில், சவரம் செய்வதை மறைவில் தானாகக் கற்றுக்கொள்ள விடாமல் பக்கத்தில் நின்று காட்டலாம். நம்மில் எத்தனை பேருக்கு அப்பா காட்டிக் கொடுத்தார்? எனக்குக் காட்டவில்லை. விளம்பரத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மன்னிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாம் மாதத்தில் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அவர் வாரில் கத்தியைத் தேய்த்தபடியே, "பையன் அன்றைக்கே வந்து சொல்லிவிட்டான், சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அத்தனை நாளும் தெரிந்துகொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பையனிடம் தனியே கேட்டேன். பின்னர் வகுப்பின் முன்னாலும் கேட்டேன். எதிரில் கேட்பதுதான் கடினமாக இருந்தது.

எங்கள் பள்ளியின் தொழில் அறிமுக நாளுக்குக் காவல் அதிகாரியும் தாதியும் தீயணைப்பு வீரரும் வழக்கமாக வருவார்கள். இவ்வாண்டு அவரையும் அழைக்கலாம் என்றிருக்கிறேன். அவரிடம் சொன்னபோது சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்பாவின் கத்தியைக் கொண்டுவரலாமா, சார்?" என்று கேட்டார். தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி வந்திருக்கிறேன். திங்கட்கிழமை கேட்க வேண்டும்.