பி.பி-க்கு நரம்பு சிகிச்சை... மாத்திரையை நிறுத்தலாமா?

என் அப்பாவுக்கு 61 வயது. பி.பி-க்கு மூன்று மாத்திரைகள் சாப்பிட்டும் 160/100-க்குக் கீழே இறங்குவதில்லை. சிறுநீரக நரம்பைச் சூடுபடுத்தி பி.பி-யைக் குறைக்கும் புதிய சிகிச்சை பற்றிப் படித்தவர், ‘அதைச் செய்துகொள்ளப் போகிறேன், இனி மாத்திரை எதற்கு’ என்று இரண்டு வாரங்களாக எதையும் சாப்பிடுவதில்லை. அந்தச் சிகிச்சை பலன் தருமா?

முதல் வேலையாக, அவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று மாத்திரைகளை மீண்டும் தொடங்க வையுங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்பா படித்தது பொய்யில்லை. தொடைப் பகுதி ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் செயலிழக்கச் செய்வார்கள். ஆனால், 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்கும், பெற்றதுபோல பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கருவிகளை மேம்படுத்தி மறுபடி ஆய்வுகள் செய்த பிறகு, 2023 நவம்பரில்தான் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி தந்தது. அதிலும் சராசரியாகக் கூடுதலாகக் குறைவது சுமார் 5 புள்ளிகள்தான். 160 என்பது 120 ஆகிவிடாது. பெரும்பாலானோர் மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும். (ஆறு மாதங்களுக்கு ஓர் ஊசி என்று அடுத்த வாட்ஸ்அப் செய்தி வரும். அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.)

நான் கேட்க விரும்புவது வேறு. இதற்கு முன்பாவது மூன்று மாத்திரைகளையும் தினமும் சாப்பிட்டாரா? மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? அது பி.பி-யை ஏற்றும். பலமாகக் குறட்டை விடுகிறாரா? தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் காரணமாகலாம். வீட்டில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, காலை மாலை ஒரு வாரம் அளந்து எழுதி வையுங்கள்.

மூன்று மாத்திரைகளில் ஒன்று, சிறுநீரைப் பெருக்கும் வகையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் இருந்து பி.பி இறங்காவிட்டால், ஆல்டோஸ்டீரோன், ரெனின் ரத்தப் பரிசோதனை அவசியம். அட்ரினல் சுரப்பியில் கோளாறு இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை உண்டு. பலருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்வதே இல்லை. நான்காவது மாத்திரையாக ஸ்பைரோனோலாக்டோன் இருக்கிறது. பழைய, விலை குறைந்த மருந்து. 2015-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு மற்ற இரண்டு மருந்துகளைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. சில ஆண்களுக்கு மார்பில் வலி, வீக்கம் வரலாம். பொட்டாசியம் கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் இறங்கவில்லை என்றால், நரம்பு சிகிச்சை பற்றி இதயநோய் நிபுணரிடம் பேசலாம். அப்போதும் சிறுநீரகச் செயல்பாட்டையும் தமனியின் அமைப்பையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.